பழம்புடவைப் போர்வைகள்: சில தையல் மரபுகளும் அவற்றின் தரங்களும்

குளிர் உறைக்கும் வட்டாரங்களில் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பெண்கள் பழந்துணியை அடுக்கிப் போர்வை தைத்திருக்கிறார்கள். வங்காளத்தில் அது காந்தா. பீகாரில் சுஜனி, சிந்துவிலும் கட்ச்சிலும் ரல்லி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வடகர்நாடகத்தில் கௌதி, அதே மாநிலத்தின் மலைக்காட்டில் வாழும் சித்திகளிடம் கவந்தி. அடிப்படை வேலை எங்கும் ஒன்றுதான். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, விளிம்பை உள்ளே மடித்து, அடுக்குகள் நழுவாதபடி நெடுக ஓடுதையல் போடுவது. தறி வேண்டாம், சட்டம் வேண்டாம். ஊசி, நூல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம், இவ்வளவே முதலீடு. ஆனால் நல்ல போர்வை எது என்று கேட்டால் ஒவ்வொரு வட்டாரத்துப் பெண்ணும் வேறுவேறு இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அந்த இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் காந்தா. இந்தக் குடும்பத்தில் அதிகம் எழுதப்பட்டதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான்.

வங்காளத்து வீடுகளில் காந்தா என்பது ஒரே பொருள் அல்ல. குளிர்காலத்துக்குத் தடிமனான லேப், விருந்தாளிக்கு விரிக்கும் சுஜனி, புத்தகத்தைச் சுற்றி வைக்க பைதன், கண்ணாடியும் சீப்பும் பொதிய ஆர்ஷிலதா, மூன்று மூலையை மடித்துத் தைத்துப் பணப்பையாக்கிய துர்ஜனி, தலையணைக்கு ஓர் என்று பயனுக்கொரு வடிவமும் பெயரும் உண்டு. நூலைக்கூடக் கடையில் வாங்குவதில்லை. புடவைக் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமாக இழைகளை உருவி, அவற்றையே ஊசியில் கோப்பார்கள். கரை கட்டிய புடவை, தன் கரை நூலாலேயே தைக்கப்பட்டுப் போர்வையாகிவிடுகிறது.

நடுவில் விரிந்த தாமரை, நான்கு மூலையிலும் மூலையிலிருந்து நடுவை நோக்கிச் சாயும் மரம் அல்லது மாங்காய்க் கொடி. மிச்ச இடம் தைப்பவளுடையது. யானை, பல்லக்கு, மீன், பாக்குவெட்டி, ரயில் எல்லாம் வரும். படங்களைப் பார்த்து வியப்பவர்கள் அநேகமாகப் படங்களுக்கு இடையிலுள்ள வெள்ளையைப் பார்ப்பதில்லை. காந்தாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், உருவங்களின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுச் சுற்றிவரும் சிறு ஓடுதையல் அந்த வெளி முழுவதையும் நிரப்புகிறது. ஒவ்வொரு தையலும் துணியை இம்மியளவு இழுக்கிறது. இழுப்பு சேரச் சேரப் பரப்பு முழுதும் மெல்லிய சுருக்கமாக அலையோடுகிறது. தாமரையைச் சுற்றி அலை வட்டமாகும், மீனைச் சுற்றி நீளமாகும். இஸ்திரி போட்டு அந்தச் சுருக்கத்தை நீக்கிவிட்டால் பின்னே மிஞ்சுவது வெறும் பூவேலைதான்.

எனவே காந்தாவின் தரம் மூன்று இடங்களில் தெரியும். தையல் ஒரே அளவாக இருக்க வேண்டும். நிரப்பு வேலை எங்கும் சலித்துப்போய் இடைவெளி விட்டிருக்கக் கூடாது. திருப்பிப் பார்த்தால் முடிச்சும் தொங்கலும் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு முகமும் ஒன்றாகவே தெரியும்படி தைப்பதற்கு தொருக்கா என்று தனிப்பெயரே இருக்கிறது. அதைச் செய்யும் கை இன்று அரிது.

இவற்றைக் கலையென்று எடுத்துப் பேணியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் மாவட்டம் மாவட்டமாகச் சென்றபோது கிராமத்து வீடுகளிலிருந்து காந்தாக்களைச் சேர்த்தார். அவை இன்று கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்குள்ள 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. அதைத் துணியிலேயே எழுத்தாகத் தைத்தும் வைத்திருக்கிறாள். புராண உருவங்களோடு ஆங்கிலேயச் சிப்பாய்களும் அதில் அணிவகுக்கிறார்கள். கையெழுத்திட்ட காந்தாக்கள் குறைவு. தைத்தவர்களில் பெரும்பாலோர் பெயரின்றியே போய்விட்டார்கள். மற்றொருவர் கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். அவர் 1939இல் காந்தா பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முன்னோடியானது. அவர் சேர்த்தவை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கட்டுரைக்கு முன்பே 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் தம் 'நக்‌ஷி காந்தார் மாட்' கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கையையே போர்வையில் தைப்பதாகப் பாடி, வங்காளி வாசகர் எல்லோர் மனத்திலும் காந்தாவைப் பதித்துவிட்டார்.

பீகாரின் சுஜனியும் காந்தாவின் உறவுதான், ஆனால் பழக்கவழக்கம் வேறு. தமிழ்நாட்டில் நமக்குப் போர்வை தேவைப்படும் குளிர் இல்லை. நம் வீட்டுப் பழம்புடவை தூளியாகித் தேய்ந்து முடியும். ஆனாலும் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டியில் கிடத்தும் வீட்டாருக்கு சுஜனி சட்டென்று புரியும். அதுவும் பச்சைக் குழந்தைக்காகத் தைத்ததே. கந்தல்களுக்கென்று சித்திரியா மா என்ற அம்மனையே அங்கே வைத்திருக்கிறார்கள். முசாபர்பூர் மாவட்டத்து பூஸ்ரா கிராமத்தில் 1988 வாக்கில் விஜி சீனிவாசன் தொடங்கிய அதிதி அமைப்பின் முயற்சியால் இந்தத் தையல் மறுபடி எழுந்தது. எழுந்தபோது அது விஷயத்தையும் மாற்றிக்கொண்டது. வரதட்சணை, பெண் சிசுக்கொலை, குடிகாரக் கணவன், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்று தைப்பவர்களின் சொந்த வழக்குகள் துணியேறின. உருவத்தின் வெளிக்கோடு கறுப்பு அல்லது பழுப்பு நூலில் சங்கிலித் தையல். உள்ளே வண்ண ஓடுதையல். பின்புலத்தில் துணியின் நிறத்திலேயே வரிசை வரிசையான தையல். காந்தாவின் சுழலும் அலை இங்கே இல்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருத்தி வரைய, பலர் பங்குபோட்டுத் தைக்கும் துணியில் நேர்வரிசைதான் எல்லார் கைக்கும் பொது. சுஜனிக்கு 2006இலும் மேற்குவங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

கர்நாடகத்தின் கவந்தியைப் பார்க்க உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் போக வேண்டும். போர்ச்சுகீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களில் பலர் தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் குடியேறினர். அவர்கள் வழிவந்தவர்களே இந்தச் சித்திகள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதத்தாரும் அவர்களில் உண்டு. மூவர் வீட்டிலும் கவந்தி உண்டு.

கவந்தி தைக்கும் முறையே தனி. பழைய புடவை ஒன்றைத் தரையில் விரிப்பார்கள். அதுதான் அடிப்பக்கம். மேலே ஒட்டுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்துப் பிறகு தைப்பது என்ற பேச்சே கிடையாது. ஒரு மூலையில் உட்கார்ந்து முதல் துண்டை வைத்து, விளிம்பை மடித்து, தையல் ஓட்டத் தொடங்குவாள். துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டை அதன்மேல் ஏற்றி வைப்பாள், நூல் அறாமல் தையல் தொடரும். ஓரத்தை ஒட்டியே நான்கு பக்கமும் சுற்றி வந்து, அடுத்த சுற்று உள்ளே, அதற்கடுத்தது இன்னும் உள்ளே என்று நடுவில் வந்து முடியும். ஒட்டுவதும் பிணைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. அடுத்து வரப்போவது சிவப்பா மஞ்சளா என்பதை மூட்டையில் கையை விட்டு எடுக்கும் அந்த நேரத்தில்தான் தீர்மானிக்கிறாள். கடைசியாக நான்கு மூலைகளிலும் துணியை மடித்து முக்கோணமாக்கிச் செருகித் தைக்கும் பூலா, அதாவது பூ. பூலா இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. சிலுவையோ பிறையோ சில போர்வைகளில் ஒட்டாக வந்து உட்காரும். குழந்தைக்கென்றால் துண்டுகள் சிறுத்து, எண்ணிக்கை பெருகும்.

சித்திப் பெண்கள் ஒருத்தி தைத்ததை இன்னொருத்தி பார்க்கும்போது வண்ணத்துக்கு முன் விரலால் தையலைத் தடவிப் பார்ப்பார்கள். நெருக்கமா, இறுக்கமா, வரி கோணாமல் ஓடுகிறதா? மழைக்காலம் முழுக்கப் போர்த்தி, ஆற்றில் அடித்துத் துவைக்க வேண்டிய பொருளை வேறு எப்படி மதிப்பிடுவது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ட்ரூவால் இவர்களிடையே பணியாற்றினார். 2004இல் ஒரு பெண்கள் கூட்டுறவு உருவானது. 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இந்தப் போர்வைகள் காட்சிக்குச் சென்றன. இவற்றில் ஆப்பிரிக்க நினைவு எத்தனை பங்கு என்பதை ஆய்வாளர்கள் அளக்கட்டும். பக்கத்து ஊர்க் கௌதிக்கும் கவந்திக்கும் உள்ள ரத்த உறவைக் காண ஆய்வு தேவையில்லை.

ரல்லியில் கண்ணைப் பறிப்பது கணக்கு. முக்கோணமும் சதுரமுமாக நூற்றுக்கணக்கான துண்டுகளை இணைப்பது ஒரு வகை. தாளை மடித்து வெட்டிப் பூ எடுப்பதுபோல் துணியை மடித்து வெட்டி, விரித்து, அடித்துணிமேல் வைத்துத் தைப்பது இன்னொரு வகை. சாமி, ஜோகி நாடோடிகள் செய்வது மூன்றாவது, முழுக்க முழுக்க நெருக்கத் தையலால் ஆனது. மேல்துணியை ஒருத்தி தனியாகத் தயாரிப்பாள். அடுக்குகளைப் பாயில் விரித்துப் பிணைக்கும்போது வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டாரும் எதிரெதிரே அமர்ந்து தைப்பார்கள். கல்யாணச் சீரில் ரல்லி எத்தனை என்பது பேச்சாகும். விருந்தாளி வந்தால் மேலே விரிப்பது எது என்பதும் பேச்சாகும்.

ஜெய்ப்பூர் ரஜாயை இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குகிறேன். அது பட்டறைத் தொழில், புதுத்துணி, உள்ளே பஞ்சு. அதன் தரம் எடையில் இருக்கிறது. பஞ்சை அடித்துப் பொதியாக்கி, எவ்வளவு குறைந்த பஞ்சில் எவ்வளவு கதகதப்பு என்று காட்டுவதே அங்கே சாமர்த்தியம்.

தமிழ்நாட்டில் ஒட்டுத்துணி வேலை கோயிலுக்குப் போயிற்று. தேரில் தொங்கும் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் வண்ணத்துணி வெட்டி ஒட்டித் தைத்தவையே. போர்வை மரபு அல்ல என்றாலும் ஊசியின் குணம் ஒன்று. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தம் தையலைப் பாட்டிமாரிடம் கேட்டு மீட்டு, பொர்கை என்ற பெயரில் இன்று விற்கிறார்கள்.

விற்பது என்று வந்தவுடன் தரம் என்ற சொல்லுக்கு வேறு எஜமானர் வந்துவிடுகிறார். அமெரிக்காவின் அலபாமாவில் 1966இல் கறுப்பினப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பெரிய கடைகளின் ஆர்டர் வந்தது. கூடவே அளவும் வடிவமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அதே வட்டாரத்து ஜீஸ் பெண்ட் பெண்கள் வீட்டுக்கென்று, கிழிந்த வேலைத்துணியில் கோணலும் மாணலுமாகத் தைத்த போர்வைகள்தாம் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துச் சுவரில் ஏறின, 2006இல் அஞ்சல்தலையாகவும் வந்தன. கடை தள்ளியதை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்தில் நடந்ததும் அதே கதைதான். இன்று காந்தா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது டஸர் பட்டில் ஒற்றை அடுக்கில் போட்ட பூவேலைப் புடவை. அழகானதுதான். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது கூலி தருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அடுக்கு இல்லாத இடத்தில் ஓடுதையலுக்குப் பிணைக்க எதுவும் இல்லை, அது வெறும் கோடாக நிற்கிறது. கண்காட்சியில் போர்வையே வாங்குகிறவர்கள் துணியைக் கிள்ளிப் பார்த்தால் அடுக்கு எத்தனை என்று தெரியும். பிறகு பின்பக்கம் திருப்பலாம். எந்திரத்தில் ஓட்டியது என்றால் தையல் கோடு இடைவெளியின்றித் தொடரும், கைத்தையல் விட்டுவிட்டு வரும்.

இன்னொரு நெருக்கடி யாரும் திட்டமிட்டதல்ல. வீடுகளில் கழித்துப்போடும் புடவைகளில் இப்போது பல பாலியஸ்டர். எத்தனை முறை துவைத்தாலும் அது மெத்தென்று ஆவதில்லை, வியர்வையை உறிஞ்சுவதில்லை, ஊசிக்கு வழுக்குகிறது, கரையில் உருவ இழையும் கிடைப்பதில்லை. சித்திகள் கிடைத்ததை எல்லாம் கலந்து சமாளித்துக்கொள்கிறார்கள். காந்தா தைக்கும் குழுக்கள் பல புது மல்மல் துணியை வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைத்து, அதன் பிறகே அடுக்கத் தொடங்குகின்றன.