அழுகைக் காவியத்துக்கு ஒரு சிரிப்பு முடிவு

துயரில் முடியும் பெருங்காவியங்களுக்கு வேடிக்கையான இன்ப முடிவு கற்பித்துப் பார்ப்பது இலக்கியத்துக்கு இழைக்கும் அவமதிப்பு என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை.

கி.பி. 1188-இல் நிஜாமி பாரசீகத்தில் பாடிய ‘லைலா மஜ்னூன்’ காவியத்தையே எடுத்துக்கொள்வோம். பித்தனுக்குப் பெண் கொடேன் என மறுக்கும் தந்தை, லைலாவை இப்னு ஸலாமுக்கு மணமுடித்துவிடுகிறார். கைஸோ பாலைவனத்தில் விலங்குகளோடு வாழ்கிறான். கணவன் மறைந்தபின் லைலாவும் இறக்கிறாள். அவளுடைய கப்ரின் மேலேயே கைஸின் உயிரும் பிரிகிறது.

இதற்கு நாம் கற்பிக்கும் முடிவு இது: இத்தா கழிந்ததும் தந்தை மனம் இரங்குகிறார், நிகாஹ் நடக்கிறது. வலீமா விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் சிங்கமும் ஓநாயும் மானும் வந்து அமர, ஊரார் ஸஹனை விட்டுவிட்டு ஓடுகின்றனர். மறுநாள் இரவு கைஸ் நிலவை நோக்கிக் கவி தொடுக்க, “அது இருக்கட்டும், ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டினீர்களா?” என்கிறாள் லைலா.

சிரிப்பு அடங்கியபின் ஓர் உண்மை உறைக்கிறது. இந்த முடிவுக்கு அற்புதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தந்தையின் சம்மதமே போதுமானதாயிருந்தது. விதி என்று எண்ணி நாம் அழுததில் பெரும்பகுதி, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய ஒரு மனிதரின் பிடிவாதமே.

ஆனால், விளையாட்டு வேறு, திருத்தம் வேறு. ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தை 1681-இல் நாஹும் டேட் மாற்றியெழுதி, கொர்டீலியாவை உயிர்பிழைக்க வைத்து மணமும் கூட்டினார். ஆங்கில மேடையில் நெடுங்காலம் அதுவே கோலோச்சியது. 1838-இல்தான் மெக்ரெடி மூலத்தை மேடைக்கு மீட்டார். டேட்டின் திருத்தம் மூலத்தை மறைத்தது. வேடிக்கையோ மூலத்தை அறிந்தவர்க்கே சிரிப்பூட்டும். அதனால் அதனை மறக்கவிடாது.

தம் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த மணத்தை கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த நிகாஹைச் செல்லாததாக்கினார்கள். இதனை ஸஹீஹுல் புகாரீயில் ஓதுகிறோம், மேடையிலும் எடுத்துரைக்கிறோம். நம் வீட்டில் பேச்சு முடிக்கும் நாளில் பெண்ணிடம் வாய்திறந்து கேட்கிறோமா?

லைலாவிடம் கேட்டிருந்தால் உலகுக்கு ஒரு காவியம் குறைந்திருக்கும். அந்தக் குறையை நாம் மகிழ்வோடு பொறுத்திருப்போம்.