ஏழு காய்கள்

பங்சார் கடைவரிசையில் ஏதாவதொரு காப்பிக்கடை மேசையில் ஸ்கிராபிள் பலகை விரிந்திருந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். கையில் ஏழு காய்கள். கியூ வந்து மாட்டிக்கொண்டது. கூட வரவேண்டிய யூ வரவில்லை. பழகாதவர் திருதிருவென விழிப்பார். பழகியவரோ பக்கத்தில் ஓர் ஐ-யை வைத்து, சீனர் சொல்லும் உயிராற்றலை இரண்டே எழுத்தில் எழுதிவிடுவார். கியூவுக்கு மட்டுமே 10 புள்ளி. சிவப்புக் கட்டத்தைத் தொட்டால் மொத்தமும் மும்மடங்கு!

இந்த வித்தையில் நம் மலேசிய ஆட்டக்காரர் கணேஷ் ஆசிர்வாதம் பெரிய கை. 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச்சுற்று வரை போனார். எதிரே நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ். பல காலமாக மலேசியாவாசி. கணேஷ் தோற்றார். அதில் வெட்கமே இல்லை. பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015-இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தையும் தட்டிச்சென்ற மனிதர் நைஜல்.

பொருள் தெரியாமல் சொல் சேர்ப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். திண்ணைப் பள்ளியில் நிகண்டை உருப்போட்ட பிள்ளைகளும் அப்படித்தான் சேர்த்தார்கள். பொருள் பிறகு வந்தது.

பெட்டியில் 100 காய்கள். ஆட இருவர் போதும். கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டெழுத்துச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.