ஸாஞ்சோவின் சம்பளம்

ஸ்பானிய நாவலான 'டான் க்விக்ஸாட்'டின் இரண்டாம் பாகம் (1615) ஏழாம் அத்தியாயத்தை நான் அடிக்கடி புரட்டுவதுண்டு. பணியாளாக வந்த குடியானவன் ஸாஞ்சோ எஜமானரிடம் மாதச் சம்பளம் கேட்க வருகிறான். பெரிய சொல் ஒன்றை வாய்க்கு வந்தபடி சிதைக்கிறான். எஜமானர் உடனே சொல்லைத் திருத்துகிறார். சம்பளமா? பழைய வீரகதைகளில் எந்தப் பணியாளும் மாதச் சம்பளம் வாங்கியதாகத் தாம் படித்ததில்லை என்று கையை விரித்துவிடுகிறார். இலக்கணம் மட்டும் இலவசம்!

நம் விமர்சகர்களில் சிலரும் இந்த எஜமானரைப் போலத்தான். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. விதவையான நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். ஆசிரியர் தாம் சொல்லும் இடங்களில் பொதுத் தமிழில் எழுதுகிறார். பாத்திரங்கள் வாய் திறந்தால் கொங்குப் பேச்சு. அவள் கேட்பதைச் செந்தமிழில் மாற்றினால் வக்கீல் எழுதிய மனுவாகிவிடும். வீட்டுக்குள் வெடிக்கிற சண்டையாக இராது.

எரியோட்டு அன்பர் ஒருவர், "இந்தக் கொச்சை எதற்கு?" என்று என்னைக் கேட்டார். மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் கலக்கிற பக்கம் அது; கேள்வியும் அந்தக் கலவையில்தான் வந்தது. தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுளுக்கே ஆகும் என்று சேர்த்துக்கொண்டார். வள்ளுவர் உழுகிறவனை உலகத்துக்கு அச்சாணி என்றார். அச்சாணியைக் கும்பிடுகிறோம், அது கிறீச்சிடுவதுதான் நமக்குப் பிடிப்பதில்லை.

பாத்திரம் எதைக் கேட்கிறது என்று தெரியாமலே வாக்கியந்தோறும் 'ங்க' என்று வால் ஒட்டுகிற நாவல்களும் வரத்தான் செய்கின்றன. அன்பர் அவற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் கட்சியில் சேர்ந்திருப்பேன்.