சான்றும் நினைவும்: ஈழப்போர் ஆவணப்படங்களில் குடிமக்கள்

கெலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ (2013), 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதி மாதங்களைப் பாதிக்கப்பட்டோரும் படையினரும் எடுத்த காட்சிகளால் நிறுவுகிறது. 2013 மார்ச்சில் எழுந்த தமிழக மாணவர் போராட்டத்தைத் தூண்டியவற்றுள் இப்படத்தின்வழி வெளிவந்த நிழற்படங்களும் அடங்கும். ஆயினும் உயிர்தப்பியோரின் கூற்றுகள் இதில் பெரிதும் குற்றத்தை மெய்ப்பிக்கும் அளவிலேயே இடம்பெறுகின்றன.

ஜூட் ரத்னத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ (2017) வேறு வழியில் செல்கிறது. 1983 வன்முறையின்போது சிறுவனாகத் தொடர்வண்டியில் வடக்கே தப்பிய இயக்குநரின் நினைவோடு, தமிழ் இயக்கங்களிடையே நிகழ்ந்த கொலைகளும் இதில் பேசப்படுகின்றன. இப்பேச்சு அரசின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் சான்றுக்கு உதவாத நினைவை விலக்கினால், போருக்குள் வாழ்ந்த குடிமக்கள் ஆய்வில் இறந்த உடல்களாக மட்டுமே எஞ்சுவர். எனவே இவ்விரு படங்களும் இணைத்தே வாசிக்கப்பட வேண்டும்.