ஒயின் தேசத்து ஊரும் பொள்ளாச்சியும்

ஒயின் தயாரிக்கும் ஊர்களுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஊர் பிரான்ஸில் இருக்கலாம், கலிஃபோர்னியாவில் இருக்கலாம், நாசிக்கிலும் இருக்கலாம். காலை வெயிலில் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. அப்புறம் ஒரு பழைய கட்டடம், உள்ளே மரப்பீப்பாய். உரிமையாளர் நகரத்து வேலையை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பியவர். கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஈர மண் வாசம் வருகிறது என்பார்கள். இந்த மண்ணின் ருசியை இங்கே வந்து குடித்தால்தான் தெரியும் என்று கட்டுரை முடியும். கடைசியில் தங்குமிடம், வாடகை விவரம்.

இந்த வகைக் கட்டுரைகளை நான் விரும்பிப் படிக்கிறவன். அதனால்தான் அதன் சூத்திரம் உறுத்துகிறது. கோயமுத்தூர்க்காரன் ஒருவன் அதே சூத்திரத்தை எடுத்துக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சூத்திரத்தின் நல்ல மாதிரி ஒன்று. 2004-இல் வந்த அலெக்ஸாண்டர் பெய்னின் ‘சைட்வேஸ்’ படம். இரண்டு நண்பர்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா வட்டாரத்தில் ஒரு வாரம் ஒயின் ருசித்துத் திரிகிறார்கள். பியூல்டன், சொல்வாங் மாதிரியான சின்னச் சின்ன ஊர்கள். இதில் சொல்வாங் 1911-இல் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் அமைத்த ஊர். காற்றாலை, கூரை, ரொட்டிக்கடை எல்லாம் டேனிஷ் வேடம் போட்டு நிற்கும். படத்தின் நாயகன் மைல்ஸுக்கு மெர்லோ என்ற திராட்சை வகையைக் கண்டாலே ஆகாது. படம் ஓடிய பிறகு அமெரிக்காவில் மெர்லோவின் மவுசு குறைந்தது, பினோ நுவாருக்கு ஏறியது. வேடிக்கை என்னவென்றால் மைல்ஸ் உயிராகப் பாதுகாத்து, கடைசியில் ஒரு பர்கர் கடையில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கும் 1961-ஆம் வருடத்து ஷெவால் பிளாங் ஒயினில் மெர்லோவும் கலந்திருக்கிறது. ருசி என்பது எவ்வளவு தூரம் பேச்சு என்பதைப் படம் அறிந்தே கிண்டல் செய்கிறது. எனக்குப் பிடித்த படம். ஆனால் அந்தத் தோட்டங்களில் பழம் பறிப்பவருக்கு அதில் கதை இல்லை. இத்தனைக்கும் அதே மாநிலத்தில்தான் 1965 முதல் 1970 வரை டெலானோ திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களும் மெக்சிக வம்சாவளியினரும் சேர்ந்து நடத்தியது அது.

இதை எனக்கு முன்னாலேயே ரோலான் பார்த் சொல்லிவிட்டார். 1957-இல் நூலாக வந்த அவருடைய ‘மித்தாலஜீஸ்’ கட்டுரைகளில் ஒயினையும் பாலையும் பற்றி ஒன்று உண்டு. ஒயின் பிரெஞ்சுக்காரர்களின் குலச்சின்னம் போல ஆகிவிட்டதை ரசித்து ரசித்து எழுதிக்கொண்டே போய், கடைசியில் ஒரு போடு போடுவார். அந்த ஒயின் அல்ஜீரியாவிலும் விளைகிறது. நிலம் பறிபோன முஸ்லிம் குடியானவர்கள், தங்களுக்கு உணவே போதாத இடத்தில், தாங்கள் குடிக்காத ஒன்றுக்கான பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஒயின் நன்றாக இருப்பது உண்மை, அது யாருடைய நிலத்தில் யாருடைய உழைப்பில் வந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கட்டுரையில் வைக்க முடிந்தால்தான் அது விமர்சனம். பயணக் கட்டுரைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

இந்தியாவில் ஒயின் ஊர் என்றால் நாசிக். அங்கேயும் மண்ணின் மகிமை என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு. நாசிக்கில் சாப்பாட்டுத் திராட்சை முன்பே இருந்தது. ராஜீவ் சாமந்த்தின் சுலா நிறுவனம் தன் முதல் ஒயினை வெளியிட்டது 2000-இல். அடுத்த வருடமே, 2001-இல், மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கையைக் கொண்டுவந்து, மாநிலத் திராட்சையில் செய்த ஒயினுக்கு வரிச்சலுகை தந்தது. சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து ருசிக்கும் கூடம் 2005-இல் வந்தது. கர்நாடகம் 2007-இல் தனக்கொரு ஒயின் கொள்கை போட்டது. மண் அங்கே எப்போதும் இருந்ததுதான். அது ‘ஒயின் தேசம்’ ஆனது அரசாணைக்குப் பிறகு.

சரி, நம் ஊருக்கு வருவோம். கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, நரசீபுரம் பக்கம் பந்தல் போட்டுப் பன்னீர்த் திராட்சை வளர்த்திருக்கிறார்கள். பின்னால் வெள்ளியங்கிரி மலை, முன்னால் பந்தல். படம் எடுத்துப் போட்டால் இத்தாலி என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் பெரிய திராட்சைப் பூமி இங்கிருந்து தெற்கே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. வருடம் முழுக்கக் காய்க்கும் அபூர்வமான இடம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வகையின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஒயினுக்கும் ஆகும். ஆனால் நாம் அதைக் கிலோக் கணக்கில் வாங்கி, விதையைத் துப்பிக்கொண்டே பஸ்ஸில் சாப்பிடுகிறோம். மீதி ஜூஸ் கடைக்குப் போகிறது. அதில் எனக்கொன்றும் குறையில்லை.

நம் ஊரில் ‘ஒயின்ஷாப்’ என்று ஒன்று உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஒயின் கேட்டுப் போகிறவர் அபூர்வம். பிராந்தி வாங்கப் போகும் இடத்துக்கு ஒயின்ஷாப் என்று பேர் வைத்தது யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை.

ஆக, திராட்சையை வைத்துக்கொண்டு கொங்கில் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஆனால் சூத்திரம் கேட்பது உண்மையில் திராட்சையை இல்லை. அந்த மண்ணில் விளைந்தது, அந்த ஊரின் கைத்தொழில், அங்கே போனால்தான் கிடைக்கும் ருசி, இதைத்தான். அப்படிப் பார்த்தால் நமக்குப் பொருத்தமான ஊர் பொள்ளாச்சி, பானம் கள்.

ஒயினைக் கண்ணாடியில் அடைத்துக் கப்பலேற்றி உலகத்தின் அடுத்த மூலைக்கு அனுப்பலாம், இருபது வருடம் கழித்தும் திறக்கலாம். ஆகவே ‘இங்கே வந்து குடித்தால்தான்’ என்பது ஒயின் விஷயத்தில் பாதி விளம்பரம். கள்ளுக்கு அது முழு உண்மை. பாளையைக் கட்டி, தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் வடிவது இனிப்பு நீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காது. தெற்கே பதநீர் என்பார்கள், எங்கள் பக்கம் தெளுவு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மத்தியானம் காரம், மறுநாள் காடி. பீப்பாயும் கிடையாது, வருடக் கணக்கும் கிடையாது. அதை ருசிக்க வேண்டுமானால் மரத்தடிக்குத்தான் வரவேண்டும். ஒயின் கட்டுரைக்காரர்கள் தேடி அலையும் பானம் இதுதான்.

அதைத்தான் பொள்ளாச்சியில் குடிக்க முடியாது. வடக்கே கிணத்துக்கடவிலிருந்து தெற்கே ஆனைமலை வரை கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. வடநாடு வரைக்கும் இளநீர் லாரியில் போகிறது. அதே மரத்தின் பாளையைச் சீவிக் கள் இறக்கினால் வழக்கு. பொள்ளாச்சியில் பாலக்காட்டு பஸ் ஏறி கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளம், சித்தூர் வட்டம். மண் மாறவில்லை, மரம் மாறவில்லை, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பேச்சும் தமிழ்தான். ஆனால் அங்கே கள்ளுக்கடை இருக்கிறது. கேரளத்தின் மற்ற மாவட்டக் கடைகளுக்கும் கள் போவது பெரும்பாலும் சித்தூர் தோப்புகளிலிருந்துதான்.

ஒரு முறை நானும் போனேன். மர பெஞ்சு, கப்பை, எரியும் காரத்தில் மீன்கறி. ருசியைப் பற்றி எழுதச் சொன்னால் தடுமாறுவேன். ஒயினுக்கு இருக்கும் சொற்பட்டியல் நமக்கு இல்லை. ‘இளசு’, ‘முத்தினது’ என்பதைத் தாண்டி நான் எதுவும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரமேறி ஒருவர் சொன்னார்: “காலைல எறக்குனது மத்தியானத்துக்கு மேல வேற ஆளுங்க. கள்ளுக்கு ஆயுசு கம்மிங்க.” எந்த ஒயின் நிபுணரின் குறிப்பையும்விட இது எனக்குத் தெளிவாக இருந்தது.

இந்த எல்லைக்கோட்டுக்குக் கொங்கிலேயே நீண்ட கதை இருக்கிறது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். கள்ளுக்கு விடக்கூடாது என்று பெரியார் தன் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்ததாகச் சொல்வார்கள். அதே பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்து எழுதினார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த மாவட்டம் சேலம். அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. (இன்று நாம் கட்டும் வரிக்கு ஒரு தாத்தா அங்கே இருக்கிறார்.) 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-இல் கள்ளுக்குத் தடை போட்டார்கள். 2003-இல் சில்லறைக் கடைகளையே அரசு கையில் எடுத்துக்கொண்டது.

இன்றைய நிலவரப்படி, கேரளக் கலால் விதிகளில் பல காலம் 8.1 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்த தென்னங்கள் தமிழ்நாட்டில் குற்றம். 42.8 சதவீதப் பிராந்தியை அரசே விற்கிறது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கலப்படம் வந்துவிடும், அதனால் கள் கூடாது என்ற வாதத்தை இவ்வளவுக்கும் பிறகு நேராக நின்று சொல்வது கடினம். ஆனால் அந்த வாதம் முழுப் பொய்யும் இல்லை. மரத்தில் இறங்குவதைவிடக் கடையில் ஊற்றப்படுவது அதிகம் என்ற புகார் கேரளத்தில் பழையது.

இனி நம் பக்கத்துக் கட்டுரைகள். கள்ளுக்கு அனுமதி கேட்டு எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் கொங்கில் நிறைய. தமிழ்நாடு கள் இயக்கம் பல வருடங்களாகப் போராடுகிறது. கள் உணவு, அதைப் போதைப்பொருளில் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு போதைப் பானங்களை விலக்க முயலும்படி அரசுக்குச் சொல்கிறது. உணவு என்றால் அந்தப் பிரிவிலிருந்து தப்பிக்கலாம். வக்கீல் வாதமாகச் சரி. எனக்கென்னவோ அது கொஞ்சம் நழுவலாகப் படுகிறது. கள்ளில் சத்து இருக்கலாம், கூடவே ஆல்கஹாலும் இருக்கிறது. மனிதர்கள் அதைத் தேடிப் போவதற்கு அதுவும் காரணம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் கள் வருகிறது. தகடூர்க்காரர்கள் அதைச் சத்துமாவு என்று நினைத்துக் குடித்திருக்க மாட்டார்கள். போதை இருக்கிறது, ஆனால் பிராந்தியைவிடக் குறைவு, உள்ளூர் மரத்தில் விளைகிறது என்று நேர்மையாகச் சொன்னாலே வாதம் நிற்கும்.

என் பெரிய மனத்தாங்கல் அதுவும் இல்லை. இந்தக் கட்டுரைகளில் பேசுவது தோப்புக்காரர். தேங்காய் விலை விழுந்துவிட்டது, கள்ளுக்கு விட்டால் மரத்துக்கு இவ்வளவு நிற்கும் என்ற கணக்கு. நியாயமான கணக்குதான். அதில் ஏறுகிறவர் எங்கே? தேங்காய் வெட்ட ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு தடவை ஏறினால் போதும். கள் இறக்கும் மரத்தில் தினமும் காலை, மாலை ஏறவேண்டும். அதாவது அதே 45 நாளில் ஒரு மரத்துக்குத் தொண்ணூறு ஏற்றம். ஒவ்வொரு தடவையும் மேலே போய்ப் பாளை சீவி, கலயம் மாற்றி இறங்கவேண்டும். தேங்காய் வெட்டவே ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் ஊர் இது. மரமேறும் வேலையை எந்தச் சாதிகளின் தலையில் கட்டி, அதை வைத்தே அவர்களைக் கோயிலுக்கும் தெருவுக்கும் வெளியே நிறுத்தினார்கள் என்பதும் கொங்குக்குத் தெரியாததில்லை. தோப்பின் அழகை எழுதும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. பார்த் அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டதை அப்படியே பொள்ளாச்சிக்கும் கேட்கலாம்.

கள்ளுத் தடை நீங்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் ‘நம்ம ஒயின்’ என்று கள்ளைக் கொண்டாடி, தோப்புக்குள் ரிசார்ட் போட்டு, வார இறுதிக்குக் கோவையிலிருந்து ஆட்களை அழைக்கும் கட்டுரைதான் அடுத்து வரப்போகிறது என்றால் அதை நாசிக்கிலிருந்தே தருவித்துக்கொள்ளலாம். சித்தூரில் கள் இறக்குகிறவருக்கு 1969-ஆம் வருடச் சட்டப்படி கேரளத்தில் தொழிலாளர் நலநிதி இருக்கிறது. விழுந்தால் என்ன, வயதானால் என்ன என்று அங்கே ஐம்பது வருடங்களுக்கும் மேலாக, சண்டையோடுதான் என்றாலும், பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பனைத் தொழிலாளருக்கென்று ஒரு நலவாரியம் உண்டு. 2017-க்குப் பிறகு தென்னையில் நீரா இறக்க அனுமதியும் உண்டு. கள் வரும் நாளில் ஒரு ஏற்றத்துக்கு என்ன கூலி, வடியும் லிட்டரில் ஏறியவருக்கு என்ன பங்கு, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு யார் செலவு என்பதை எழுதிய கோரிக்கை மனு எதையும் நான் இன்னும் படிக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பொள்ளாச்சியைப் பற்றிய பயணக் கட்டுரையை அதிலிருந்து ஆரம்பித்து எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.