வெற்றிப் பதக்கத்தில் ஓர் அரபு வாசகம்

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை. விடியுமுன்பே ஆடுகளும் மனிதருமாக இடம் நிறைந்துவிடும். குர்பானிக்கு ஆடு பார்க்கச் சென்ற நம்மை, பழைய மாணவர் ஒருவர் கண்டு, தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். மதரஸாவில் நம்மிடம் மூன்றாண்டுகள் ஓதியவர். இப்போது வணிகம் செய்கிறார். போர்க்காலப் பொருள்களைத் தேடிச் சேர்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பித்தளைத் தோட்டா உறைகள், துருவேறிய வாளுறை, யாரோ ஒரு சிப்பாயின் தண்ணீர்க் குடுவை என வீட்டில் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார்.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். “ஹஜ்ரத், இந்தப் பதக்கத்தில் அரபு இருக்கிறது. விற்பவர் ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருக்கிறார். சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள், சரியென்றால் வாங்கிவிடுகிறேன். வெள்ளைக்காரனே நம் வார்த்தையைப் பொறித்திருக்கிறான் பாருங்கள்!” என்றார்.

‘நம் வார்த்தை’ என்று அவர் மகிழ்ந்து கூறியதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நூலைப் போலவே நாணயமும் பதக்கமும் வாசிக்கத்தக்கவை. நூலுக்கு மதிப்புரை எழுதும் நாம், உலோகத்தில் பொறித்த இரண்டு வரிகளுக்கு எழுதினால் குற்றமாகாது.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிலேயே ஷஹீதானார். அவ்வெற்றியின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தளித்த பதக்கம் இது. கூக்லர் என்னும் கலைஞர் வடிவமைத்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், மாத்யூ போல்ட்டனுடைய சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் சிங்கமொன்று புலியை வீழ்த்தி அடக்கி நிற்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்புவின் அரசு. மேலே பறக்கும் கொடியில் ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்று அரபு எழுத்து. மறுபக்கத்தில், உடைந்த கோட்டை மதிலின் வழியே படை ஏறும் காட்சி; அடியில் பாரசீக வரி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பதக்கத்தில் ஹரகத் இல்லை. ஆகவே, நஹ்வு பயின்றவன் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ‘காலிபு’ என்று ரஃபு செய்து ஓதினால் வெல்லும் தன்மை சிங்கத்தைச் சாரும். ‘அல்லாஹ்வின் வெற்றிச் சிங்கம்’ என்று பொருள் வரும். ‘காலிபி’ என்று ஜர்ரு செய்து ஓதினால் அத்தன்மை அல்லாஹ்வைச் சாரும். ‘வெற்றியாளனாகிய அல்லாஹ்வின் சிங்கம்’ என்றாகும். இவ்விரண்டும் பெயர்த்தொடர்கள். மூன்றாவது வழியும் உண்டு. ‘அஸதுல்லாஹ்’ என்பதை எழுவாயாகவும் ‘அல்காலிப்’ என்பதைப் பயனிலையாகவும் கொண்டால், ‘அல்லாஹ்வின் சிங்கமே வெற்றியாளன்’ என்று முழு வாக்கியமாகும். ஆங்கிலப் பட்டியல்கள் வழிவழியாக எடுத்தெழுதுவது இந்த மூன்றாவது பொருளையே. இலக்கணம் அதை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மஃரிஃபாவாக வரும்போது, குழப்பம் நேராதிருக்க நடுவே ‘ஹுவ’ என்ற சுட்டைச் சேர்ப்பதே நல்ல அரபு நடை.

மேலும், இத்தொடரைக் கம்பெனியார் கோக்கவில்லை. அது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் பட்டப்பெயராகப் பன்னெடுங்காலம் வழங்கிவந்தது. ‘ஹைதர்’ என்ற சொல்லும் சிங்கத்தையே குறிக்கும். அதுவும் அலீ (ரலி) அவர்களுக்குரிய பெயரே. அந்தப் பெயர் தாங்கிய ஹைதர் அலீதான் 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தவர். நம் வட்டாரத்தார் அண்ணாந்து பார்க்கும் அந்த மலைக்கோட்டையிலிருந்தே அவருடைய ஏற்றம் தொடங்கிற்று. அவருடைய மைந்தர் திப்பு, ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்ற இதே தொடரைப் புலிமுக வடிவில் வளைத்தெழுதித் தம் சின்னமாகக் கொண்டார். அரபியில் ‘அஸத்’ சிங்கம். திப்புவின் விலங்கோ புலி. இது முரணன்று. இந்துஸ்தானி வழக்கில் ‘ஷேர்’ என்ற ஒரு சொல் சிங்கம், புலி இரண்டையும் குறிக்கும். அந்த ஒரு சொல்லின் வழியே அலீ (ரலி) அவர்களின் சிங்கம் மைசூர்ப் புலியாக உருக்கொண்டது.

கம்பெனி செய்த வேலை இங்கேதான் விளங்கும். சிங்கமும் புலியும் ஒன்றாயிருந்த சொல்லைப் பிளந்தார்கள். புலியைக் கீழே போட்டார்கள். புலி சுமந்த வாசகத்தைப் பிடுங்கிச் சிங்கத்தின் கொடியில் ஏற்றினார்கள். கோட்டையும் கருவூலமும் கைப்பற்றப்பட்டதை எல்லா வரலாற்று நூல்களும் கூறும். ஒரு வணக்கச் சொல்லும் கைப்பற்றப்பட்டது என்பதை இப்பதக்கம் கூறுகிறது.

மறுபக்கத்துப் பாரசீக வரி இதை உறுதிப்படுத்துகிறது. ‘ஸ்ரீரங்கபட்டணத்தை இறைவன் அளித்தான்’ என்ற கருத்தில் ‘குதா தாத்’ என்ற சொற்களை அமைத்து, ஹிஜ்ரி 1213 துல்கஃதா 28 என்று நாளும் குறித்திருக்கிறார்கள். திப்பு தம் அரசுக்கு இட்டிருந்த பெயர் என்ன? ‘சர்க்காரே குதாதாத்’, அதாவது ‘இறைவன் அளித்த அரசு’. பட்டணத்தை இழந்தவனுடைய சொல்லாலேயே அப்பட்டணம் தமக்குக் கிடைத்ததாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் பாரசீகம் நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை. புலமை இருந்தது, அது யாருக்கு ஊழியம் செய்தது என்பதே கேள்வி.

இந்த வரிகள் யாருக்காக எழுதப்பட்டன? ஆங்கிலேயச் சிப்பாய்க்கு அரபும் பாரசீகமும் தெரியா. தோற்றவருக்குப் பதக்கம் தரும் வழக்கமில்லை. ஆக, வென்ற பக்கத்தில் நின்று இவ்வெழுத்தை வாசிக்கக்கூடியவர் எவரோ அவருக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹைதராபாத் நிஜாமின் படை கம்பெனியோடு சேர்ந்து வந்தது. சென்னை ராஜதானியின் சிப்பாய்ப் பட்டாளங்களில் முஸ்லிம்களும் இருந்தனர். நம் முன்னோர் மதிலுக்கு உள்ளே மட்டும் நிற்கவில்லை. மதிலேறிய வரிசையிலும் நின்றார்கள். மாணவர் ‘நம் வார்த்தை’ என்று பெருமைப்பட்டபோது இதை எண்ணவில்லை.

பதக்கத்தின் உலோகமும் ஒரு வாசகமே. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அவர்க்குக் கீழான அதிகாரிகளுக்கு வெள்ளி, பிறகு வெண்கலம், கடைநிலைச் சிப்பாய்க்கு வெள்ளீயம். படம் ஒன்று, எழுத்து ஒன்று, எடைதான் வேறு. அந்த அரபு வரியை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கக்கூடிய சிப்பாயின் கைக்கு வந்தது வெள்ளீயமே. இன்று சேகரிப்போர் தங்கத்தையும் வெள்ளியையும் தேடி ஓடுகிறார்கள். நாமோ, வரலாறு அறிய விரும்புகிறவன் வெள்ளீயத்தையே முதலில் கையிலெடுக்க வேண்டும் என்போம்.

சேகரிப்புலகில் திப்புவின் பொருள்களுக்குத் தனி மவுசு உண்டு. அவருடைய பள்ளியறையில் கிடைத்ததாகக் கூறப்படும் வாள், 2023 மே மாதத்தில் இலண்டனில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. முன்பு ஜெனரல் பெயர்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட வாள் அது. அதன் பிடியில் அல்லாஹ்வின் திருநாமங்கள் பொன்னால் பதிக்கப்பட்டுள்ளன. ஏலப்பட்டியல் அவற்றை மறைக்கவில்லை, எண்ணிக் குறித்தது. ஆனால் பிடித்தவனின் உள்ளங்கை படும் இடத்தில் இறைநாமம் எதற்கு என்ற கேள்வி விலைப்பட்டியலில் அடங்காது. ஓங்கும் ஒவ்வொரு முறையும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை அவன் கை உணர வேண்டும் என்பதே நாம் கொள்ளும் பொருள். கண்ணாடிப் பேழைக்குள் சென்ற பின் அந்நாமங்கள் எந்தக் கையையும் தொடுவதில்லை.

இங்கே நம் தரப்பையும் தராசில் வைக்க வேண்டும். திப்புவின் நூலகத்தில் சுமார் இரண்டாயிரம் சுவடிகள் இருந்தன. அவற்றுக்கு 1809-இல் விளக்கப் பட்டியல் வெளியிட்ட சார்ல்ஸ் ஸ்டூவர்ட், அவற்றில் விலைகொடுத்து வாங்கியவை மிகச் சில என்றும், ஸவனூர், கடப்பை, கர்நாடகம் ஆகிய இடங்களிலிருந்து போரில் எடுத்துவரப்பட்டவையே மிகுதி என்றும் எழுதியிருக்கிறார். எழுதியவர் கம்பெனியைச் சார்ந்தவர் என்று ஒதுக்கிவிட மனம் விரும்பும். ஆயினும் போர்ப்பொருள் சேர்ப்பது அக்கால அரசர் அனைவருக்கும் வழக்கமாயிருந்தது. நம்மவர் எடுத்தால் கனீமத், பிறர் எடுத்தால் கொள்ளை என்று எழுதுவது விமர்சனம் ஆகாது. நம் ஃபிக்ஹு நூல்கள் போர்ப்பொருளுக்குப் பங்கீட்டு முறை வகுத்தன. பங்கிடுமுன் ஒரு சிறு பொருளை ஒளித்து வைப்பதையும் பெரும் குற்றமாக்கின. போர்ப்பொருள் நெஞ்சைக் கெடுக்கும் என்று அறிந்தே அவ்வாறு வகுத்தார்கள். அந்த அச்சம் இன்றைய சேகரிப்பாளரிடமும் இருத்தல் நலம்.

இவ்வளவையும் தேநீர் ஆறும்வரை கேட்டிருந்த மாணவர், “அப்படியானால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்றார்.

வாங்குவது ஹராம் என்று நாம் கூறவில்லை. வார்ப்பு நகல்கள் உலவுகின்றன, அறிந்தவரிடம் காட்டுக என்றோம். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. எங்கிருந்து வந்தது என்ற சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்றும் கூறினோம். பிறகு, “உங்கள் குடும்பத்திலேயே பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர் உண்டென்பார்களே?” என்று கேட்டோம்.

அவர் முகம் சற்று மாறிற்று. “நன்னாவுடைய அத்தா முதல் உலகப் போரில் பஸராவுக்குப் போனாராம், ஹஜ்ரத். வெள்ளிப் பதக்கம் ஒன்று வீட்டில் இருந்ததாம். 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது எடைக்குப் போட்டுவிட்டார்களாம். வீட்டில் கஷ்டம்.”

அப்போரின் வெள்ளிப் பதக்கத்தில், விளிம்பில், அதைப் பெற்றவரின் எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவற்றைப் பொறித்தார்கள். பஸராவிலே நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர்களுக்கு நினைவுமண்டபம் எழுப்பியபோது, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். அங்கே மாண்ட ஒரு சிப்பாய்க்கு மண்டபத்தில் பெயரில்லை. வீட்டுக்கு வந்த பதக்கத்தின் விளிம்பில் இருந்தது. திரும்பி வந்து, பேசாமலே வாழ்ந்து முடிந்த சிப்பாய்க்கும் பெரும்பாலும் அந்த விளிம்பே எழுத்துச் சான்று. அதையும் உலையில் இட்டோம். கஷ்டத்தில் விற்றவர்களைக் குறைகூற நமக்கு நாவில்லை. உருக்குமுன் ஒருவர் அந்த ஒற்றை வரியைத் தாளில் எழுதி வைத்திருக்கலாம் என்பதே நம் வருத்தம். வாசிக்கத் தெரிந்தோர் ஊரில் இல்லாமலில்லை.

போர்ப்பொருள் சேகரிப்பைப் பற்றி நாம் கொண்ட முடிவு இதுவே: பொருளை வைத்திருப்பவனைவிட அதை வாசித்தவனே அதற்கு உரியவன். அரபு எழுத்தைக் கண்டதும் ‘நம்முடையது’ என்று கண்ணில் ஒற்றிக்கொள்வது வாசிப்பு ஆகாது. யார் எழுதினார், எவரிடமிருந்து எடுத்து எழுதினார், யார் வாசிக்கட்டும் என்று எழுதினார் என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளை மாற்றாரிடம் மட்டுமின்றி நம்மிடமும் கேட்க வேண்டும்.

அடுத்த வியாழனன்று மாணவர் மீண்டும் வந்தார். பதக்கம் வாங்கினாரா என்று நாம் கேட்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தொண்ணூறை நெருங்கும் அத்தைப்பாட்டியிடம் அமர்ந்து கேட்டெழுதிய குறிப்பு: பாட்டனாரின் தந்தை பெயர், ஊர், கப்பலேறிய துறைமுகம், காலில் பட்ட காயம். பட்டாளத்தின் பெயர் மட்டும் பாட்டிக்கு நினைவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அலமாரியில், எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், அந்தத் தாளை வைக்கப் போவதாகச் சொன்னார்.