நட்பு திறந்த வாயில்

ஒரு நூல் என்ன சொல்கிறது என்பதோடு, எதிரிலிருப்பவரை எவ்விடத்தில் அமர்த்திப் பேசுகிறது என்பதையும் நாம் நோக்கவேண்டும். சீனத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சியின் இரு சீன நூல்களை இவ்வளவுகோல் கொண்டு காண்போம்.

இத்தாலியில் 1552இல் பிறந்த ரிச்சி, 1583இல் சீனாவில் குடியேறினார். முதலில் பௌத்தத் துறவியரின் கோலம் பூண்டார். அறிஞர்களே அந்நாட்டில் பெருமதிப்புப் பெற்றவர்கள் எனக் கண்டு, 1595இல் அவர்தம் உடைக்கு மாறினார். அவ்வாண்டே நான்சாங் நகரில், நட்பைப் பற்றிக் கிரேக்க, உரோமைச் சான்றோர் கொண்டிருந்த கருத்துகளைச் சிறு வாசகங்களாகத் தொகுத்துச் சீனத்தில் நூலாக்கினார்.

கன்பூசிய நெறி போற்றும் உறவுகள் ஐந்து: அரசன் குடி, தந்தை மகன், கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நண்பர். முதல் நான்கிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. நட்பில் அது இல்லை. சுற்றமும் பதவியும் இல்லாத அயலார் ஒருவர் நுழையத்தக்க வாயில் அதுவே. அதை அறிந்து தேர்ந்ததே அந்நூலின் சிறப்பு.

ஆண்டவரைப் பற்றிய மெய்ப்பொருளை விளக்கி 1603இல் வெளிவந்த நூல், மேலைநாட்டு அறிஞரும் சீன அறிஞரும் நிகழ்த்தும் உரையாடலாகும். பண்டைச் சீன நூல்கள் குறிக்கும் 'ஷாங்தி' நாம் வணங்கும் இறைவனே என்று அது துணிந்து கூறுகிறது. ஆயினும் சீன அறிஞர் வினவுகிறார், ஐயுறுகிறார், இறுதியில் இணங்குகிறார். மேலைநாட்டவரோ அவரிடம் கற்பது அரிது. பௌத்தம் கடுமையாக மறுக்கப்படுகிறது. இறைமகனின் மனித அவதாரம் கடைசி இயலில் இடம்பெறினும் சிலுவைச்சாவு பேசப்படவில்லை. இது நுழைவாயில் நூலே என்பது அக்குறைக்கு விடையாகலாம். உரையாடல் ஒருவழிப் பாதையானதற்கு அது விடையாகாது.

இருவழிப் பாதையும் ரிச்சிக்குத் தெரியாததன்று. யூக்ளிடின் வடிவகணித நூலின் முதல் ஆறு பகுதிகளை அவர் வாய்மொழியாக விளக்க, சூ குவாங்சி என்னும் கிறிஸ்தவ அறிஞர் சீனத்தில் எழுத, 1607இல் அது வெளிவந்தது. அங்கே இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

ரிச்சி 1610இல் பெய்ஜிங்கில் மறைந்தார். முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செய்யும் வணக்கத்தை அவர் பொறுத்துக்கொண்ட வழியைத் திருச்சபை 1742இல் உறுதியாகத் தடைசெய்தது. 1939இல் அத்தடையைப் பெரிதும் தளர்த்தியது. 2022இல் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், முன்னோரை வணங்குவதா, திருமுழுக்குப் பெறுவதா என்று கலங்கி நின்ற சீனக் குடும்பங்களை நாம் மறத்தலாகாது.

பிற சமயத்தவரோடு அடுத்தடுத்து வாழும் நாமும் இவ்விரு நூல்களுக்கு இடையேதான் நிற்கிறோம். அவர்களிடம் பேசச் செல்லுமுன், அவர்களிடம் கற்க நமக்கு ஏதேனும் உண்டு என்று நம்புகிறோமா?